மூன்றாவது மதகு

இணையத்து உரையாடல் பக்கத்தில் புளியம்பூ என்பவர் எழுதியிருந்தது இரண்டே வரி. "மூணாவது மதகு ஒத்தைக் கையால வரமாட்டேங்குது. நிஜமாவே ஒத்தைக் கையாலதான் ஆடிப் பாத்தீங்களா லோகு?" பக்கத்தில் கண்ணடிக்கும் பொம்மை ஒன்று. கேள்வியைவிட அந்தப் பொம்மைதான் உறுத்தியது. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். நிஜமாவே. இடது கை வழங்காதவனிடம் வந்து ஒற்றைக் கையால்தான் ஆடினாயா என்று கேட்பது, நொண்டியிடம் வந்து ஏன் இவ்வளவு மெதுவாக நடக்கிறாய் என்று கேட்பதுபோல. ஆனால் என் கை அவருக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் தெரியாது. நான் சொன்னதில்லை. அங்கே நான் ஒரு பெயர் மட்டும்தான், படகுக்காரி என்ற வீடியோ ஆட்டத்தின் தமிழ் வழிக்குறிப்பில், 'ஒற்றைக் கையால் ஆடுபவர்களுக்கு' என்ற பகுதியின் கீழே, சரிபார்த்தது: லோகு. ஆட்டத்துக்கு உண்மையில் வேறு பெயர், வாயில் நுழையாத பெயர், அதைச் செய்தவர்கள் ஏதோ குளிர்தேசத்துக்காரர்கள். வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நாட்டில் ஒரு பெண் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குகிறாள். அவ்வளவுதான் ஆட்டம். நாங்கள் அதைப் படகுக்காரி என்கிறோம். நாங்கள் என்றால் ஒருவரை ஒருவர் பார்த்திராத கொஞ்சம் பேர். எங்கே சுழல், எங்கே பாறை, எந்த மதகை எப்படித் தாண்டுவது என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி, திருத்தியதை மற்றவர் ஆடிப் பார்த்து, அப்படியே வளர்ந்த வழிக்குறிப்பு. ஆட்டத்தைச் செய்தவர்கள் புதிய பதிப்பு அனுப்பும்போதெல்லாம் ஆறு கொஞ்சம் மாறிவிடும். அப்போது நாங்களும் மாற வேண்டும். எங்களுக்கு ஒரே ஒரு வழக்கம் உண்டு. ஆடிப் பார்க்காத வரியின் கீழே பெயர் போடக் கூடாது. போன பதிப்பு வந்தபோது மூன்றாவது மதகை நான் ஆடிப் பார்த்தேன். தாண்டினேன். பெயர் போட்டேன். இவர் யார் நிஜமாவே என்று கேட்க.

"ஏனுங் மாமா, சித்த மேல வாங்க. பெட்சீட்டு மடிக்கோணும்" என்று சுகந்தி மொட்டைமாடியிலிருந்து குரல் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலுக்கென்று அவள் வாரமெல்லாம் காத்திருப்பாள். இந்த ஊரில் மற்ற நாட்களில் துணி காயப்போட்டால் சாயப்பட்டறைப் பக்கத்துக் காற்று வாசனையோடு வரும் என்பது அவள் நம்பிக்கை. படியேறும்போதும் புளியம்பூவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஏறினேன். ஐயா, அல்லது அம்மா, நான் எழுதியபடி செய்தீர்களா, சாய்ந்த பனைமரத்தில் கயிற்றைக் கட்டிய உடனே சுக்கானைத் திருப்பினீர்களா, உடனே என்றால் உடனே. கொடியில் நான்கைந்து விரிப்புகள் வெளுத்துத் தொங்கின. சுகந்தி ஒன்றின் முனைகளை எடுத்து நீட்டினாள், நான் வாங்கிக்கொண்டேன், இருவரும் எதிரெதிரே போய் இழுத்துப் பிடித்தோம், உதறினோம், நடந்து வந்து முனைகளைச் சேர்த்தோம். சூடான துணியின் வாசனை. விரிப்பு மடிந்து மடிந்து சிறுக்கும்போது அவள் முகம் அருகில் வந்தது, சற்று அதிக நேரம் பார்த்தாள். "என்ன புள்ள?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க" என்று அடுத்ததை எடுத்தாள். இருபக்கமும் இழுத்துப் பிடிக்கும்போது படகுக் கயிறு நினைவுக்கு வந்தது. மூன்றாவது மதகில் சிக்கலே அதுதான். இடது கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்திக் கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும், அதே நேரத்தில் வலது கட்டைவிரலால் சுக்கானைத் திருப்ப வேண்டும். இரண்டு கை உள்ளவர்களுக்கு அது ஒரு மதகே அல்ல. "எந்த லோகத்துல இருக்கறீங்க? முனையை விட்றாதீங்க" என்றாள் சுகந்தி. விடவில்லை. "இன்னைக்கும் அந்தப் படகுக்காரியா? நானும் ஒருநா அவளப் பாத்து நாலு வார்த்தை கேக்கோணும். என்ர வீட்டுக்காரரை எந்த ஊருல இறக்கி உட்டேன்னு." சிரித்தேன். அவளுக்கு அந்த ஆட்டத்தின் மேல் கோபம் கிடையாது. அது வந்த காலத்தில் வீட்டில் வேறு எதுவும் நல்லது வந்திருக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அந்த ஆட்டம் வருவதற்கு முன்னால் ஒருநாள், பல்லடம் சாலையில் மணல் சிதறிக்கிடந்த ஒரு வளைவில் என் வண்டி சறுக்கியது. தோள் தரையில் மோதி இழுபட்டது. எலும்பு ஒன்றும் முறியவில்லை, ரத்தம்கூட அதிகமில்லை, எழுந்து நின்று வண்டியைத் தூக்கப் போனபோதுதான் இடது கை வரவில்லை. அது என்னோடு இருந்தது, ஆனால் வரவில்லை. கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுபட்டும் நைந்தும் போயிருந்தன என்று பிறகு சொன்னார்கள். அறுவை முடிந்து, வருவது வரும், வராதது வராது, காலம் எடுக்கும் என்றார் மருத்துவர். வேலைக்கு ஆபத்தில்லை. பனியன் கம்பெனியில் கணினித் திரையில் பனியன் வடிவத்தை ஒவ்வொரு அளவுக்கும் ஏற்பப் பெரிதாக்கிச் சிறிதாக்குகிற வேலை, வலது கையும் மவுஸும் போதும். ஆபத்து மாலைகளில் இருந்தது. கை இரவும் பகலும் எரிந்தது, உணர்வே இல்லாத கை எப்படி எரியும் என்று யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. பயிற்சி கொடுக்க வந்த ரெஜினா என்ற பெண் ஒரு தட்டில் கொண்டைக்கடலையைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு தட்டில் போடச் சொல்வாள். "விரலை முறைக்காதீங்க சார், முறைச்சா அது பயந்துக்கும்" என்பாள். முதலில் முழங்கை வந்தது. பிறகு பிடி வந்தது, வாளி தூக்கும் அளவு. கட்டைவிரல் மட்டும் வரவில்லை. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், அசை என்று சொல்வேன், அது யார் வீட்டு விருந்தாளியோபோலச் சும்மா கிடக்கும். ஒருநாள் கடலைத் தட்டைத் தள்ளிவிட்டேன். கடலை கட்டிலுக்கடியெல்லாம் ஓடியது. இனி இந்த விரல் வராது என்று அன்று முடிவுகட்டினேன், முடிவுகட்டியதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. ரெஜினாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு மாலையில்தான் மச்சினன் வெளிநாடு போகும்போது எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போன ஆட்டப்பெட்டியை எடுத்து டிவியில் மாட்டினேன். மதகு வந்தது, மூழ்கினேன். இன்னொரு முறையும் மூழ்கினேன். பொம்மைப் படகைக்கூட ஓட்ட முடியவில்லை. கைப்பேசியில் தேடியபோது தமிழில் ஒரு பக்கம் திறந்தது. அதன் கடைசியில், எல்லோரும் இறங்கிப் போன பேருந்தில் மிச்சமிருக்கும் ஒரு விளக்குபோல, அந்தப் பகுதி. ஒற்றைக் கையால் ஆடுபவர்களுக்கு. எழுதியது செம்போத்து.

"முதலில் ஒரு துண்டை மடித்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டுக் கருவியை அதன்மேல் வையுங்கள், வழுக்காது. அவசரமில்லை. ஆறு எங்கேயும் போகாது." இப்படித்தான் அது தொடங்கும். இன்றைக்கும் அப்படித்தான். எத்தனை பதிப்பு வந்தபோதும் அந்த வரிகளில் நான் கை வைத்ததில்லை. எனக்கு அதுவரை எல்லோரும் தைரியம் சொன்னார்கள். தைரியமாக இருங்கள், மனதைத் தளரவிடாதீர்கள், எத்தனை பேருக்குக் கையே இல்லை. துண்டை மடித்து மடியில் போடச் சொன்ன ஆள் செம்போத்து ஒருவர்தான். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, எந்தக் கை என்றுகூடக் கேட்காமல் இரண்டுக்கும் எழுதியிருந்தார். துண்டை மடித்துப் போட்டேன். சாய்ந்த பனைமரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுப் பொத்தானை விட்டுவிடலாம், கட்டு பிடித்துக்கொள்ளும், பிறகு சுக்கான், நீரே படகைச் சுற்றிவிடும் என்று எழுதியிருந்தார். நீரே சுற்றிவிட்டது. மதகுக்கு அப்பால் அகலமான அமைதியான தண்ணீர் வந்தது, கொக்குகள் நின்றன, படகிலிருந்த கிழவர் ஏதோ பாஷையில் ஏதோ சொன்னார். நான் அழுதேனா என்று நினைவில்லை, சுகந்தி அழுதேன் என்கிறாள். பின்னால் ஒருநாள் செம்போத்து உரையாடல் பக்கத்தில் எழுதினார், "வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, இனி நேரம் இருக்காது, யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்." நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நானாக முன்வந்து கேட்டு வாங்கிய ஒரே பொறுப்பு அது. எங்களுக்குள் இன்னொரு பேச்சும் உண்டு, தவறான வழியைவிட வழியே இல்லாதது மேல் என்று. வேலை செய்யாத பகுதியை வைத்திருக்க மாட்டோம், எடுத்துவிடுவோம். மூன்றாவது மதகை ஒற்றைக் கையால் தாண்ட முடியாது என்றால் அதற்குக் கீழே உள்ள ஊர்கள் எதற்கும் போக முடியாது, அந்தப் பகுதிக்கே பொருளில்லை. துண்டு, மடி, ஆறு எங்கேயும் போகாது, எல்லாம் போய்விடும். நாளை ஒருவன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் அங்கே ஒன்றும் இருக்காது. புளியம்பூவின் இரண்டு வரியில் இவ்வளவும் இருந்தது. அது நான் கீழே இறங்கி வந்து டிவி முன்னால் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

நிரூபித்துவிடுவது என்று முடிவுசெய்தேன். துண்டை மடித்து மடியில் போட்டேன். கருவியை வைத்தேன். வலது கை அதன் இடத்துக்குப் போயிற்று, இடது கையை எடுத்து, காகிதம் பறக்காமலிருக்கக் கல் வைப்பதுபோல, கருவியின் இடப்பக்கத்தில் வைத்தேன். அது செம்போத்து எழுதாதது, என் சொந்தக் கண்டுபிடிப்பு. கை வேலை செய்யாவிட்டால் என்ன, எடை இருக்கிறதே. மதகு வந்தது, பனைமரம் வந்தது, கட்டினேன், திருப்பினேன், தாண்டினேன். கொக்குகள். கிழவர். ஒரு முறைக்கு இரண்டு முறை தாண்டினேன். நிஜமாவே என்று வாய்விட்டுச் சொன்னேன். "என்னங்க?" என்றாள் சுகந்தி சமையலறையிலிருந்து. ஒன்றுமில்லை என்றேன். அப்புறம்தான் அந்த எண்ணம் வந்தது. கையைப் படம்பிடித்துப் போட்டுவிட்டால் என்ன. கண்ணடிக்கும் பொம்மைக்கு அதைவிடப் பெரிய பதில் இருக்க முடியாது. கைப்பேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து, மடி மட்டும் தெரியும்படி வைத்து, மறுபடியும் ஆடினேன், தாண்டினேன். எடுத்துப் பார்த்தேன். துண்டு தெரிந்தது, வேட்டிக் கரை தெரிந்தது, வலது கட்டைவிரல் சுக்கானைத் திருப்பியது. ஒரு கணம் பொறுத்து, கயிறு நழுவ வேண்டிய இடத்தில், இடது கட்டைவிரல் வளைந்து பொத்தானை அழுத்தியது. திரும்ப ஓடவிட்டேன். அழுத்தியது. மெதுவாக, தூக்கத்தில் குழந்தை உதடு குவிப்பதுபோல, வளைந்தது, அழுத்தியது, மதகைத் தாண்டியதும் விட்டது, மறுபடியும் கல்போலக் கிடந்தது. நான் பார்க்காதபோது என் மடியிலேயே இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. முதலில் வந்தது சந்தோஷமில்லை. கூச்சம். யாரோ அறைக்குள் இருந்திருக்கிறார்கள், நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துப் பாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விரலைப் பார்த்தேன். அசை என்றேன். அசையவில்லை. உடனே பழைய பயம் வந்தது, படத்தில் இருப்பது பொய், வெளிச்சத்தின் விளையாட்டு, துண்டின் மடிப்பு அசைந்திருக்கும். முறைக்காதீங்க சார் என்றாள் ரெஜினா எங்கிருந்தோ. ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் ஒரு பையன் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று எதையோ எட்டிக்கொண்டிருந்தான், விழுந்துவிடப்போகிறான் என்று நினைத்தேன், குனிந்து பார்த்தபோது கட்டைவிரல் மடிந்திருந்தது. சரி. இருக்கிறது. அப்படியானால் புளியம்பூ சொன்னது சரி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை என்பதைத்தான் என்னால் உடனே எடுத்துக்கொள்ள முடியவில்லை. என் விரல் வந்துவிட்டது, ஆகவே என் வரி பொய். இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன், பள்ளிக்கூடத்தில் பேசாமலிருக்கக் கைகட்டச் சொல்வதுபோல. ஆடினேன். கட்டினேன், உடனே திருப்பினேன், உடனே என்றால் உடனே, கட்டு அவிழ்ந்தது, படகு மதகின் சுவரில் மோதி உடைந்தது. மறுபடியும் உடைந்தது. கயிறு, சுவர், தண்ணீர். கிழவர் முங்கும்போது அவர் தொப்பி மட்டும் மேலே மிதக்கிறது, அதை இதற்குமுன் நான் கவனித்ததில்லை, இவ்வளவு கவனமாகத் தொப்பியைச் செய்தவர்கள் புதிய பதிப்பில் கட்டு மட்டும் ஏன் அவிழும்படி மாற்றிவிட்டார்கள் என்று அந்தக் குளிர்தேசத்துக்காரர்கள்மேல் கோபம் வந்தது. புளியம்பூ எத்தனை முறை இந்தத் தொப்பியைப் பார்த்திருப்பார். ஒவ்வொரு முறையும் என் பெயரைப் படித்துவிட்டு, லோகு தாண்டியிருக்கிறார், தவறு என்னிடம்தான் என்று நினைத்து மறுபடியும் தொடங்கியிருப்பார். அப்படி நினைப்பதை நான் அறிவேன். கடலைத் தட்டின் முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எழுதத் தொடங்கி அழித்தேன். மன்னிக்கவும் என்று தொடங்கினால் அவர் பரவாயில்லை என்று எழுத வேண்டியிருக்கும். கடைசியில் உள்ளதை எழுதினேன். "நீங்கள் சொன்னது சரி. விபத்தில் என் இடது கை போயிற்று. கட்டைவிரல் வரவே வராது என்று நினைத்திருந்தேன். இன்று படம்பிடித்துப் பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரியாமலே கயிற்றைப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தது. கையை ஒதுக்கிவைத்து ஆடினால் எனக்கும் வரவில்லை. என் வரி தவறு." அனுப்பிய பிறகு பயந்தேன். இவர் ஏன் ஒற்றைக் கையால் ஆடுகிறார் என்று எனக்குத் தெரியாது. வராத கை உள்ள ஒருவரிடம் போய் என் கை வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், அதுவும் அவரை மூழ்கடித்த பிறகு. சமையலறையில் தாளிக்கும் சத்தம் கேட்டது. கடுகு வெடித்து அடங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. "அடப்பாவி மனுஷா!! கை வந்துடுச்சா?" இரண்டு ஆச்சரியக்குறிகளையும் எண்ணிப் பார்த்தேன். அடுத்த வரி. "நான் மதகுல தலைகீழா முங்கிக்கிட்டு இருக்கேன், இவரு திருட்டுத்தனமா கை வளத்துருக்காரு. எனக்குப் பிறவியிலயே முழங்கைக்குக் கீழ கிடையாது, எத்தனை படம் புடிச்சாலும் வரப்போறதில்ல. உங்களுக்காவது வந்துச்சே. வீட்டுல சொல்லிட்டீங்களா?" இல்லை என்று எழுதினேன். "முதல்ல எனக்கா சொன்னீங்க? பெருமையா இருக்கு. எங்க அக்காகிட்ட சொல்றேன் இருங்க." யாரோ ஒரு வீட்டில், தூத்துக்குடியோ துபாயோ, ஒரு அக்காவிடம் என் கட்டைவிரலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முகம் தெரியாத அந்த அக்கா என்ன சொல்லியிருப்பாள். நல்லாருக்கட்டும் என்றிருப்பாள். செம்புத் தண்ணீரைக் குடித்தேன்.

"சரி, வேலையைப் பாப்போம்" என்று வந்தது. "ஒரு சந்தேகம். ஆளுங்களை மதகுக்கு முன்னாடியே கரையில இறக்கி விட்டுட்டா என்ன? படகு லேசாயிரும்ல. கயிறே வேண்டியிருக்காதே." முடியாது என்று உடனே எழுதினேன். "செம்போத்து எழுதியிருக்கிறார் பாருங்கள். பயணிகளை நடுவழியில் இறக்காதீர்கள், இறக்கினால் கரையோடு போய்விடுவார்கள், திரும்ப ஏறமாட்டார்கள்." "அதைப் பாத்தேன். அதுனாலதான் நானும் இறக்கிப் பாக்கல. ஆனா அதைக் கடைசியா யாரு சரிபார்த்தது? கீழ பேரையே காணோம்." போய்ப் பார்த்தேன். எல்லா வரியின் கீழும் என் பெயர் இருந்தது, பதிப்புக்குப் பதிப்பு நான் ஆடிப் பார்த்து, திருத்தி, போட்ட பெயர். அந்த எச்சரிக்கையின் கீழ் மட்டும் இல்லை. செய்யாதே என்று எழுதியிருப்பதைச் சரிபார்க்க வேண்டுமானால் அதைச் செய்ய வேண்டும். நான் செய்ததில்லை. செம்போத்து சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒவ்வொரு பதிப்பிலும் அந்த வரியைக் கும்பிட்டுவிட்டுத் தாண்டிப்போயிருக்கிறேன். ஆறு எத்தனையோ முறை மாறியிருக்கிறது. நன்றியில் நான் அந்த ஒரு வரியை மட்டும் மாறவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். செம்போத்துக்கு இது தெரிந்தால் சிரிப்பார், பார்த்துக்கொள் என்று கொடுத்தால் பூஜை பண்ணிக்கொண்டிருந்தாயா என்பார். "நீங்க முதல்ல ஆடுங்க, நான் அடுத்து" என்று எழுதியிருந்தார் புளியம்பூ. "நான் இன்னைக்கு நெறைய முங்கியாச்சு."

இடது கையை மறுபடியும் தொடைக்கடியில் வைத்து, இம்முறை நன்றாக அழுத்தி உட்கார்ந்தேன், திருட்டுக் கை. மதகின் இரைச்சல் தொலைவில் கேட்கத் தொடங்கியதுமே படகைக் கரையோரம் விட்டேன். இறங்கச் சொல்லும் பொத்தானை அழுத்த விரல் தயங்கியது, ஒரு பொம்மைக் கிழவரை நட்டாற்றில் விட்டுவிட்டுப் போவதற்கு இவ்வளவு யோசனையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கிழவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் கூடையோடு இருந்த பெண்ணும் இறங்கினாள். அவர்கள் திரும்பிப் பார்க்காமல் மரங்களுக்குள் நடந்து மறைந்தார்கள். செம்போத்து சொன்னது சரிதான் என்று நினைத்தேன், அதில் ஒரு திருப்திகூட வந்தது. படகு உயர்ந்து மிதந்தது. கயிற்றைத் தொடவே இல்லை, சுக்கானை மட்டும் வலது விரலால் பிடித்தபடி மதகுக்குள் போனேன், சுவர் நெருங்கியது, விலகியது, பனைமரம் பக்கவாட்டில் போயிற்று, வெளிச்சம். அகலமான தண்ணீர். கொக்குகள். வெறும் படகு. தாண்டியாயிற்று, ஆனால் யாரும் இல்லாமல் தாண்டி என்ன பயன், ஊரில் யாரை இறக்குவது. படகு தானாக மிதந்துகொண்டிருந்தது. திரும்ப ஆரம்பத்துக்குப் போகலாம் என்று நினைத்தபோது கரையில் ஒரு தொப்பி தெரிந்தது. அப்புறம் கூடை. மரங்களுக்கிடையிலிருந்து வெளியே வந்து, கரையைச் சுற்றி நடந்து வந்த களைப்போடு, இருவரும் நீர் விளிம்பில் நின்று படகைப் பார்த்தார்கள். படகைத் திருப்பினேன். கிழவர் ஏறி உட்கார்ந்து, அதே பாஷையில், அதே எதையோ சொன்னார். எந்தப் பதிப்பில் இவர்களுக்கு வழி தெரிந்ததோ. எத்தனை நாளாக அவர்கள் இப்படி நடந்துவரத் தயாராக இருந்தார்களோ, நாங்கள்தான் இறக்கிவிடவே இல்லை.

எழுந்தேன். கை வரவில்லை. தொடைக்கடியிலிருந்து உருவி எடுத்தபோது அது தொங்கியது, வெளுத்து, வேட்டியின் மடிப்புத் தடம் பதிந்து, எனக்குச் சம்பந்தமில்லாத எடையாக. பல்லடம் சாலையில் வண்டியைத் தூக்கக் குனிந்த அதே கணம். மணல், வெயில், அருகில் நின்றுவிட்ட ஒரு லாரியின் இன்ஜின் சத்தம். முடிந்தது, சொன்னதும் போய்விட்டது, அந்த அக்கா வரைக்கும் சொல்லிவிட்டேன், எல்லோரிடமும் பொய் சொன்னவனாகிவிட்டேன். வலது கையால் இடதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றேன். "ஏனுங் மாமா, என்னாச்சு?" சுகந்தி கரண்டியோடு வந்து நின்றாள். "கை" என்றேன். "கைக்கென்ன?" "வரல." அவள் கரண்டியை மேசைமேல் வைத்தாள், என் கையைத் தன் இரண்டு கைகளுக்கிடையில் எடுத்துக்கொண்டாள். "மேல உக்காந்திருந்தீங்களா?" என்றாள் வேட்டித் தடத்தைப் பார்த்து. "மரத்துப் போயிருக்குது. ஆருக்கும் போகும். இருங்க." நிஜம்தான். முதலில் விரல் நுனிகளில், பிறகு உள்ளங்கையில், எறும்பு. ஒன்று, பத்து, ஒரு புற்று முழுக்க. ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு கட்டைவிரலின் அடிவரைக்கும் ஏறியது. இந்த அவஸ்தையை நான் எவ்வளவு காலமாகப் பட்டதில்லை என்று நினைத்தேன். செத்த கை மரத்துப்போவதில்லை. "ஸ்ஸ்" என்றேன். "வலிக்குதா?" "இல்ல, புடி, உட்றாத" என்றேன். பிறகு கேட்டேன், "எப்பருந்து புள்ள?" "என்னது எப்பருந்து?" "கட்டைவிரலு." சுகந்தி தரையைப் பார்த்தாள். "தீவாளிக்கு மத்தாப்பு புடிச்சீங்க, இந்தக் கையில. இப்பக்கூடப் பெட்சீட்டு முனைய ரண்டு கையிலயும் கிள்ளிப் புடிச்சிருந்தீங்க." "சொல்றதுக்கென்ன?" "சொன்னா நீங்க வேணும்னு பண்ணிப் பாப்பீங்க. வேணும்னு பண்ணா வராது. அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவீங்க, கொண்டக்கடலையோ வேறெதோ, எதாவது பறக்கும், நாந்தேன் பொறுக்கோணும்." சிரித்தாள், கண் நிறைந்திருந்தது. "அதுவா வரட்டும்னு உட்டுட்டேன்." அந்தக் கிழவரைப்போல, எங்கோ கரையைச் சுற்றி அவள் தனியாக நடந்து வந்துகொண்டிருந்திருக்கிறாள். "சாம்பாரு அடிப்புடிக்குது" என்று கையை விட்டுவிட்டு ஓடினாள்.

கைப்பேசி துடித்தது. நான் எழுதிச் சொல்வதற்குள் பொறுக்க முடியாமல் புளியம்பூவே ஆடிவிட்டிருந்தார். "ஏறிட்டாங்க!!! தொப்பி நனையல!!!" அதற்குக் கீழே, "நீங்களும் பாத்தீங்களா?" பார்த்தேன் என்று எழுதினேன். வழிக்குறிப்பைத் திறந்தோம், அவர் அந்தப் பக்கத்தில், நான் இந்தப் பக்கத்தில். மூன்றாவது மதகுக்கு முன்னால் பயணிகளைக் கரையில் இறக்கிவிடுங்கள், அவர்கள் நடந்து வந்து சேர்ந்துகொள்வார்கள், காத்திருங்கள் என்று அவர் எழுதினார். காத்திருங்கள் என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. செம்போத்தின் எச்சரிக்கையை நான் எடுத்தேன். எடுக்கும்போது மனதுக்குள் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. துண்டையும் ஆற்றையும் அப்படியே விட்டேன். அடியில் பெயர் போட வேண்டிய இடம் வந்தது. "ரெண்டு பேரும் போடுவோமே" என்றார். வேண்டாம் என்றேன். "இது ஒற்றைக் கைப் பகுதி. என் கையை இனி நம்ப முடியாது. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்." "சரி, பாத்துக்கறேன்" என்று வந்தது. பொம்மை எதுவும் இல்லை. சரிபார்த்தது என்பதற்குப் பக்கத்தில் அவர் பெயர் தோன்றியது, அதையொட்டி என் பழைய பெயர் இன்னும் இருந்தது. கைப்பேசியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு, எறும்பு இன்னும் முழுதாக இறங்காத இடது கையை அழிக்கும் பொத்தானருகே கொண்டுவந்தேன். விரலைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தேன். முதல் முறை குறி தப்பி வேறெங்கோ பட்டது. அடுத்த முறை பட்டது. கு, க ஆயிற்று. க போயிற்று. லோ, ல ஆயிற்று. அதையும் என் இடது கட்டைவிரலே அழித்தது.